விசைப்பலகை நீட்டுவோர்க்கு

தோட்டப் பாடசாலையிற் கணனி அறையொன்றைத் திறந்துவிட்டாற் போதும், ஊவாவின் அறிவியற் குறை தீர்ந்துவிடும் எனப் பேசுவோர் சோவியத் கணனியின் கதையை அறிதல் நன்று. போரழிவின் வடு மாறாத கியெவ் நகருக்கு அருகே, லெபெதெவின் குழு 1950இல் ‘மெஸ்ம்’ கணனியை இயக்கிற்று. உலகம் இரண்டை அடியாகக் கொண்டு கணிக்க, மூன்றை அடியாகக் கொண்ட ‘செத்தூன்’ கணனியை 1958இல் மொஸ்கோப் பல்கலைக்கழகத்திற் புருசென்ட்சொவ் ஆக்கினார். அவர்களிடம் முதலில் இருந்தது பெட்டியன்று, கணிதம். அந்நாடே 1960களின் பிற்பகுதியில் ஐ.பி.எம். 360ஐப் பிரதிசெய்யத் துணிந்தது. லெபெதெவ் எதிர்த்தும் பயனில்லை. பின்னர் இன்ரெல் 8080 நுண்செயலியும் பிரதியாயிற்று. முந்துவோரின் பின்னே ஓடுவதே தொழிலாயிற்று.

பிரதிசெய்வதற்கேனும் கணிதம் வேண்டுமே! இலங்கைத் தேயிலை ரஷ்யா வரை செல்கிறது. பசறையிற் கொழுந்து பறிப்பவளின் பிள்ளைக்குப் பதுளையே தொலைவு. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் அங்கேதான் கணனி விஞ்ஞானம் கற்பிக்கிறது. உயர்தர இணைந்த கணிதத்தைத் தமிழிற் கற்பிக்க ஆசிரியரின்றித் தவிக்கும் பாடசாலைகளிலிருந்து அதன் வாயிலை எட்டுவோர் எத்தனை பேர்? ‘தட்டச்சாவது பழகட்டும்’ என்பது இரக்கமன்று. கொழுந்துக் கூடையின் இடத்தில் விசைப்பலகையை வைப்பதாகும். கணனி அறைக்கு நாடா வெட்ட வருவோர் கணித ஆசிரியர் ஒருவரையும் உடனழைத்து வரட்டும்.