டேங்க் இல்லன்னா பிரச்சினை இல்லையாம்!

"மூச்சைப் பிடிச்சுட்டு முங்குறவனுக்கு பெண்ட்ஸ் வராது, சிலிண்டர் காத்தை சுவாசிக்கிறவனுக்குத்தான் வரும்." டைவிங் பேச்சு வந்தாலே யாராவது இதைச் சொல்லிடறாங்க. நானும் ரொம்ப நாள் நம்பினவன்தான். சுத்தப் பேத்தல்ங்க.

பிரெஞ்சு பாலினீசியாவுல துவாமோட்டுன்னு ஒரு தீவுக்கூட்டம். அங்க ஹிக்குவேருவுல முத்துச்சிப்பி எடுக்கிறவங்க 30-40 மீட்டர் ஆழத்துக்கு, மணிக்கு 6லேர்ந்து 14 தடவை முங்குவாங்க. மேலே வந்ததும் சிலருக்குத் தலைசுத்தல், கைகால் விளங்காது, சிலருக்கு புத்தியே பேதலிக்கும். அவங்க மொழியில இதுக்குப் பேர் 'தாரவானா'. 1965ல வெளியான கிராஸ் என்பவரின் கட்டுரைப்படி 235 பேரில் 47 பேருக்கு தாரவானா. ஆறு பேருக்கு பக்கவாதம். ரெண்டு பேர் செத்தே போனாங்க.

ஒரு தடவை முங்கினா ரத்தத்துல கரையிற நைட்ரஜன் கொஞ்சம்தான், ஒத்துக்கறேன். ஆனா இது நம்ம மெமரி லீக் கதை. ஒரு கால்ல தெரியாது. முழுசா ஃப்ரீ ஆகறதுக்குள்ள அடுத்த கால், அதுக்கடுத்தது... சாயங்காலம் சிஸ்டம் காலி.

மூட்டுவலியோட நிக்காம ஏன் மூளையைத் தாக்குது? சிரையில உருவாகுற குமிழிகளை நுரையீரல் வடிகட்டிடும். ஆனா அடுத்த முங்கலின் அழுத்தத்துல குமிழி சுருங்கி, வடிகட்டியைத் தாண்டி தமனிக்குப் போயிடுது என்பது ஒரு விளக்கம். போதாக்குறைக்கு நாலுல ஒருத்தருக்கு இதயத்துல, பிறந்ததும் மூட வேண்டிய ஒரு சின்ன ஓட்டை முழுசா மூடாம இருக்கும். அதுவும் குறுக்குவழி.

எனக்கு உறைச்சது வேற விஷயம். அதே பாலினீசியாவுல மங்காரேவா தீவுக்காரங்களும் அதே வேலைதான் செஞ்சாங்க. ஆனா ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல 12-15 நிமிஷம் ஓய்வு. அவங்களுக்கு தாரவானா கிடையாதுன்னு கிராஸ் எழுதியிருக்கார். ஆக, முக்கியக் காரணம் ஆழம் மட்டுமில்ல, அவசரம். சிப்பியை நம்பிப் பொழைக்கிறவனை 'கவனக்குறைவு'ன்னு திட்ட எனக்கு மனசு வரல. பொழுதுபோக்குக்கு ஈட்டியோட மீன் பிடிக்கப் போறவருக்கு என்ன அவசரமாம்?

பவ்லெவ்னு ஒரு டேனிஷ் டாக்டர். பயிற்சித் தொட்டியில 20 மீட்டருக்குள்ளதான், அஞ்சு மணி நேரத்துல சுமார் 60 தடவை முங்கினார். கை பலவீனம், பார்வை மங்கல். பக்கத்துலயே அழுத்த அறை இருந்துச்சு, பொழைச்சார்.

அடுத்த தடவை முங்குறதுக்கு முன்னாடி, உள்ளே இருந்த நேரத்தைப் போல ரெண்டு மடங்காவது மேல இருங்க. ஆழம் கூடினா இன்னும் அதிகமா. தலை சுத்தினா எலுமிச்சை ஜூஸ் குடிச்சுப் படுத்துடாதீங்க. ஆக்சிஜன், ஆஸ்பத்திரி. "டேங்கே போடலையே"ன்னு டாக்டரே சந்தேகப்பட்டாலும், முங்கின கணக்கைச் சொல்லுங்க.