ஆற்றிற் கலந்த அழியா நஞ்சு

ஓடும் நீர் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்பது மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. இலையும் சாணமும் இறந்த பிராணியும் நாளடைவில் மண்ணோடு மண்ணாவதைக் கண்டவர்கள் அவ்வாறு நம்பியதில் வியப்பில்லை. ஆனால், காபனையும் புளோரினையும் பிணைத்து மனிதன் ஆக்கிய இரசாயனங்கள் சில அந்த நியதிக்கு அடங்குவனவல்ல. அப்பிணைப்பை அறுக்க நீராலும் வெயிலாலும் இயலாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களாலும் இயலாது. ஒட்டாத சட்டியையும் நனையாத துணியையும் எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரையையும் தந்த இப்பொருட்களை 'என்றும் அழியா இரசாயனங்கள்' என இன்று உலகம் அழைக்கின்றது. பெயர் பொருத்தமானதே.

இவை நீரிற் புகுந்தால் நேர்வது யாது என்பதை அறிய விரும்புவோர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒகையோ ஆற்றங்கரையை நோக்குவாராக. மேற்கு வேர்ஜீனியாவின் பார்க்கேஸ்பேர்க் நகருக்கு அணித்தாயுள்ள டூப்பொன்ற் கம்பனியின் ஆலையில், டெப்லன் செய்வதற்காக 1951 முதல் 'சீ-8' எனப்படும் இரசாயனம் உபயோகிக்கப்பட்டது. அதன் கழிவு குழாய் வழியே ஆற்றுக்குச் சென்றது. புகைபோக்கி வழியே காற்றிற் கலந்தது. சேறாகக் குப்பை நிலத்திற் கொட்டப்பட்டது. அக்குப்பை நிலத்தினின்று வடிந்த ஓடையில் நீரருந்திய மாடுகள் ஒவ்வொன்றாக மடிந்தன. 150க்கு மேற்பட்ட மாடுகளை இழந்தேன் என முறையிட்ட கமக்காரரின் சொல்லுக்கு ஊரிற் செவிகொடுப்பார் இல்லை. ஊரார் பலருக்குச் சோறிட்டது அந்த ஆலையல்லவா!

ஈற்றில், 1998இல், அவர் றொபேட் பிலற் என்னும் சட்டத்தரணியை நாடினார். அதுவரை இரசாயனக் கம்பனிகளின் பக்கம் நின்று தொழில் புரிந்தவர் பிலற். மறு ஆண்டு வழக்குத் தொடுக்கப்பட்டது. நீதிமன்றக் கட்டளையின் பேரில் கம்பனி ஒப்படைத்த ஆவணங்கள் ஓர் இலட்சம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. அவற்றை அறையின் நிலத்திற் பரப்பி வைத்து மாதக்கணக்கில் வாசித்தார் அவர். சீ-8 பிராணிகளின் ஈரலைப் பருக்கச் செய்கின்றது எனக் கம்பனியின் ஆராய்ச்சியாளர் 1961இலேயே கண்டிருந்தனர். 1984இல் அயலூர்களின் குழாய்நீரைக் கம்பனி இரகசியமாகச் சோதித்து, நஞ்சு அதிற் கலந்திருப்பதையும் கண்டது. கண்டும், அந்நீரைக் குடிப்போருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதனை அறியாமையால் நேர்ந்த விபத்தென நாம் கருதமாட்டோம்.

பின்னர் ஊரார் தொடுத்த வழக்கு 2004இல் இணக்கத்துக்கு வந்தது. ஏறக்குறைய 69,000 பேரின் குருதி சோதிக்கப்பட்டது. சிறுநீரகப் புற்றுநோய், விதைப் புற்றுநோய், கேடயச் சுரப்பி நோய் உள்ளிட்ட ஆறு நோய்களுக்கும் சீ-8க்கும் தொடர்பிருத்தல் கூடும் என, 2012 அளவில் விஞ்ஞானிகள் குழு முடிவு கூறியது. 2017இல் கம்பனியும் அதனின்று பிரிந்த கம்பனியும் 67 கோடி டொலருக்கு மேல் நட்டஈடு செலுத்த இணங்கின. முதல் மாடு மடிந்த நாளையும் இந்நாளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு நீதியின் நடை எத்தகைய ஆமை நடை என்பது விளங்கும்.

இந்நஞ்சு பரவும் விதத்தைக் கமக்காரர் கூர்ந்து நோக்கல் வேண்டும். ஆலைக்கு எதிர்க்கரையிலுள்ள லிற்றில் ஹொக்கிங் ஊரின் கிணறுகளுக்கு நஞ்சைக் கொண்டுசென்றதில் காற்றுக்குப் பெரும் பங்குண்டு. புகையோடு வீழ்ந்தது மழைநீரோடு மண்ணுள் இறங்கி ஊற்றைச் சேர்ந்தது. நகரக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது எஞ்சும் சேற்றிலும் இது தங்கும். அச்சேற்றைப் பசளையெனப் பல்லாண்டு வயலிலிட்ட மெயின் மாநிலத்தில், நிலமும் பாலும் கெட்டதைக் கண்டு 2022இல் அவ்வழக்கத்தைச் சட்டத்தால் தடுத்தனர். நீரைக் கொதிக்க வைத்தால் நீர்தான் வற்றும், நஞ்சு வற்றாது. மணல் வடியும் குளோரினும் இதற்குப் பயன்படா. கரி வடி பிடித்து வைக்கும். பிடித்த கரியை எங்கே போடுவது என்பது அடுத்த கேள்வி!

குடிநீரில் இதன் அளவு ஒரு லீற்றருக்கு 4 நனோகிராமை மிஞ்சலாகாது என அமெரிக்க அரசாங்கம் 2024இல் விதித்தது. விதித்த மறு ஆண்டே, 2029இல் முடியவிருந்த தவணையை 2031 வரை நீட்டப்போவதாகவும் அறிவித்தது. செல்வம் மிக்க நாட்டின் நிலை இது.

நிற்க. இது அயல்நாட்டுச் செய்தியெனத் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. கொழும்பு நகரவாசிகளின் குருதியிலும் கிராமப்புறத் தேயிலைத் தொழிலாளரின் குருதியிலும் இவ்வினத்து இரசாயனங்கள் காணப்பட்டதாக 2005இலேயே ஆய்வொன்று வெளிவந்தது. குடாநாட்டிலோ பேராறு கிடையாது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே ஓடும் நிலத்தடி நீரே நமது ஆறு. ஒரு கிணற்றிற் புகுந்தது அயற்கிணற்றுக்குச் செல்ல வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. சுன்னாகத்தில் எண்ணெய் கலந்த கிணறுகளின் பொருட்டு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது 2019இல். எண்ணெயையாவது மணத்தாலும் மினுக்கத்தாலும் நம்மவர் கண்டுகொண்டனர். அழியா நஞ்சுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

ஆதலால், கிணறு கெட்ட பின்னர் கமக்காரன் கையில் போத்தலோடு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கும் முறை ஒழிதல் வேண்டும். ஓர் ஆலையோ விமானத்தளமோ எதனை எவ்வளவு நிலத்திலும் நீரிலும் விடுகின்றது என்பதை முன்கூட்டி வெளிப்படுத்தும் கடமை அதற்கே உரியது. அதனைச் சட்டமாக்குக எனக் கோருகின்றோம். இவ்வினத்துள் இரண்டை 2009இலும் 2019இலும் பட்டியலிற் சேர்த்த ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் இலங்கையும் ஓர் உறுப்பு நாடு. விமானத்தளங்கள், துறைமுகங்கள், கைத்தொழிற் பேட்டைகள் ஆகியவற்றின் அயலிலுள்ள கிணறுகளை ஆண்டுதோறும் சோதிப்பதற்கு இனி என்ன தடை? நமது டாக்டர்களும் சட்டத்தரணிகளும் இரசாயனம் கற்ற ஆசிரியர்களும் கமக்காரர் சங்கங்களோடு கூடி இக்கோரிக்கையை எழுத்தில் வைப்பாராக. சோதனை முடிவுகள் தமிழிலும் வெளியிடப்படல் வேண்டும். தமிழும் அரசகரும மொழி என 1987இல் அரசியலமைப்பில் எழுதியவர்களிடம் இதனைக் கேட்பது மிகையாகாது.