உஸ்மானியா காட்டிய வழி



மருத்துவமும் பொறியியலும் தமிழில் கற்பிக்க முடியுமா என்ற விவாதத்தில், எங்கள் நாச்சாரத்துக்கு அருகிலுள்ள உஸ்மானியா பல்கலைக்கழகத்தை யாரும் நினைப்பதில்லை. ஐதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் 1918-இல் நிறுவியபோது அதன் பயிற்றுமொழி உருது. முந்தைய ஆண்டே மொழிபெயர்ப்புத் துறையை அமைத்து, பாடநூல்களையும் கலைச்சொற்களையும் ஆக்கத் தொடங்கிவிட்டார்கள். மருத்துவம்கூட உருதுவில் நடந்தது. 1948-க்குப் பிறகுதான் ஆங்கிலம். ஐதராபாத் சமஸ்தானத்தில் தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசியவர்களே மிகுதி என்பதால், உருதுவைப் பயிற்றுமொழியாக்கியதில் அநீதியும் இருந்தது. ஆனாலும் நூல்களை முதலில் தயாரித்த அந்த முறைமை நமக்கு வேண்டியது.

பயிற்றுமொழிக்கு அப்பால், அந்த வளாகம் அரசியலில் அடங்கியிருந்ததும் இல்லை. 1938-இல் விடுதியில் வந்தே மாதரம் பாடியதற்காக நீக்கப்பட்ட மாணவர்களில் பலர் நாக்பூர் போய்ப் படித்தார்கள். 1969-இலும் 2009-இலும் தனித் தெலங்கானா போராட்டத்தின் களம் இதுவே. 1939-இல் திறந்த கலைக் கல்லூரியைச் சுற்றிய மரநிழலில் இன்றும் கிராமத்துப் பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள்.

எனினும் தமிழுக்குப் பாடமாவது அதன் மொழிபெயர்ப்புத் துறைதான்; அது இயங்கிய விதம் பற்றி நம் பல்கலைக்கழகங்கள் தமிழில் ஒரு முழு நூல் வெளியிட வேண்டும்.

ஒரு வாசகர்,
நாச்சாரம், ஐதராபாத்