கண் ஆபரேஷன் கணக்கில் விட்டுப்போன பக்கம்

2008 ஜூலை மாதம் பெரம்பலூரில் நடந்தது நினைவிருக்கிறதா? விழுப்புரம் மாவட்டத்தில் இலவச கண் முகாம் போட்டு, புரை இருந்த பெரியவர்களைப் பெரம்பலூருக்கு அழைத்து வந்தார்கள். ஒரு தனியார் கண் மருத்துவமனையின் கிளையில் ஆபரேஷன். கண்ணுக்குள் கிருமித் தொற்று. 60 பேருக்கும் மேல் பார்வை போயிற்று. வழக்கு சி.பி.ஐ. வரை சென்றது.

இதைக் கேட்ட ஒரு பாட்டி, "இலவசம்னா வேணாம்ப்பா, இருக்குற வெளிச்சம் போதும்" என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டால், 'படிக்காத ஜனம், விழிப்புணர்வு இல்லை' என்று சொல்ல இங்கே யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

அந்தப் பாட்டியின் பயம் வெறும் பயமில்லை. 2015-19 தேசிய கணக்கெடுப்பைப் பாருங்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதம் புரையால். சரி, எதிர்பார்த்ததுதான். கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோயால் 5.5. ஆனால் புரை ஆபரேஷனில் ஏற்பட்ட சிக்கல்களால்? 7.2 சதவீதம்! குணப்படுத்தப் போன இடத்தில் போன கண்கள், கிளாக்கோமா பறித்த கண்களைவிட அதிகம்.

ஆபரேஷனே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்தால் புரை போய்விடும். மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், ஏழைகளுக்கு இலவசமாகவும் தரமாகவும் செய்ய முடியும் என்று காட்டியாகிவிட்டது. கோளாறு கணக்கு எழுதும் முறையில் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களுக்கு அரசு மானியம் ஆபரேஷன் ஒன்றுக்கு இவ்வளவு என்று போகிறது. பிளெக்ஸிலும் அந்த எண்ணிக்கைதான். ஆறு வாரம் கழித்து எத்தனை பேருக்குப் பார்வை தெரிந்தது என்று எந்த பிளெக்ஸாவது சொல்லியிருக்கிறதா? விற்றதை மட்டும் எழுதி, திரும்பி வந்த சரக்கை எழுதாத பேரேட்டை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். (பி.காம். முதல் வருடப் பாடம் இது.)

எண்ணிக்கைக்காக நடக்கும் முகாமுக்குப் புரை இல்லாத கண்ணில் என்ன அக்கறை? கிளாக்கோமா பெரும்பாலும் வலிக்காது. ஓரப்பார்வையை முதலில் தின்னும். போனது திரும்பாது. சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும், அதுவும் ஆரம்பத்தில் சத்தமில்லாமல். இரண்டையும் கண்டுபிடிக்க டார்ச் லைட் போதாது. கண் அழுத்தம் பார்க்க வேண்டும், பாப்பாவை விரியவைத்து உள்ளே பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை. 'வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும்' என்று வீட்டில் சொல்லி முடித்துவிடுகிறோமே, அந்த வாக்கியத்துக்குள் இத்தனை நோய்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

பெரம்பலூரோ அரியலூரோ, இனி முகாம் போடுகிறவர்களிடம் ஊர்க்காரர்கள் இரண்டு கேள்வி கேட்கட்டும். சென்ற முறை ஆபரேஷன் செய்தவர்களில் எத்தனை பேரைத் திரும்ப வந்து பார்த்தீர்கள்? எத்தனை பேருக்குக் கண் தெரிகிறது? பதில் எழுத்தில் வரட்டும், மானியம் அப்புறம் போகட்டும்.