பிள்ளையை ஏற்றிவிட்டு வெளியில் நிற்காதீர்கள்

 

அளவெட்டிப் பெற்றோருடன் ஒரு விஷயம் பேச வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை விடுமுறை நெருங்குவதால் இப்போதே எழுதுகிறேன்.

தரம் 5 பிள்ளைகளுக்கு ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை கொடுத்தேன். பாதிக்கு மேற்பட்ட கொப்பிகளில் ஒரே சுற்றுலாதான். எல்லோரும் அதிகாலை ஐந்து மணிக்கு எழும்புகிறார்கள். எல்லோருடைய பஸ்ஸும் கண்டிக்குப் போகிறது. எல்லோரும் பேராதனைப் பூங்காவைக் கண்டு ‘மட்டற்ற மகிழ்ச்சி’ அடைகிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பாடமாக்கிய கட்டுரை. எழுத்துப் பிழைகூட இல்லை.

ஒரு பிள்ளை பேனையை வைத்துவிட்டு, “ரீச்சர், ஒரு இடமும் போகாத ஆக்கள் என்ன எழுதுறது?” என்று கேட்டது.

இன்னொரு பிள்ளை கீரிமலைக் கேணியைப் பற்றி எழுதியிருந்தது. அளவெட்டியில் இருந்து சைக்கிளிலேயே போய்வரும் தூரம். தகப்பன் அவனை நீருக்குள் இறக்கி மிதக்கப் பழக்கியிருக்கிறார். கடைசி வரி: “அண்டைக்கு முழுக்க அப்பா போன் எடுக்கேல்லை.” பிழை திருத்தும் சிவப்புப் பேனையை அந்த வரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கொப்பிகளைப் பார்த்தபோது என் குடும்பம் முதன்முதலாக ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். வளர்ந்தது கற்பிட்டிப் பக்கம். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டியதானது. நகரில் தையல் கடை வைத்திருந்த வாப்பா, அங்கே வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனார். பிறகு ஒரு பழைய மெசின் வாங்கிக் கொட்டிலுக்குள் தைக்கத் தொடங்கினார். நான் அறிந்த வாப்பா, குனிந்து தைக்கும் ஒரு முதுகுதான்.

ஒரு பெருநாள் விடுமுறையில் எங்கள் முகாமில் நாலைந்து குடும்பம் சேர்ந்து வான் பிடித்து, ஹங்வெல்லையில் இருக்கும் லெஷர் வேர்ல்டுக்குப் போனோம். ரிக்கற் காசுக்காக வாப்பா பல இரவுகள் பாடசாலைச் சீருடை தைத்தார். உம்மா விடியமுன்னம் சோறு சமைத்து வாழை இலையில் கட்டினார்.

அங்கே என்னென்ன ஏறினோம் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குப் பெயர்கள் வராது. ஆனால் வாப்பா தொப்பியைக் கழற்றிப் பொக்கெற்றுக்குள் வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தது தெரியும். “எனக்கு வேணாம் புள்ள” என்று சொன்ன உம்மாவை ராத்தா இழுத்து ஏற்றியது தெரியும். அது சுழலத் தொடங்கியதும் வாப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாப்பா மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது. அவர் வாங்கித் தந்த பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. அந்தச் சிரிப்பு இருக்கிறது.

உலகத்தில் பெயர் பெற்ற டிஸ்னிலாண்ட் 1955 யூலை 17 ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய வோல்ட் டிஸ்னி, அந்த யோசனை எங்கே வந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பூங்காவில் அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் குதிரை ராட்டினத்தில் சுற்ற, அவர் வாங்கில் இருந்து வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியதாம். தகப்பன் சும்மா இருந்த அந்த வாங்கில் இருந்துதான் அவ்வளவு பெரிய பூங்காவும் பிறந்தது.

நாங்களோ இன்னும் அந்த வாங்கில்தான் இருக்கிறோம். பிள்ளையை ஏற்றிவிட்டு, பையையும் செருப்பையும் காவிக்கொண்டு, போனில் வீடியோ எடுக்கிறோம். அன்றிரவே அது முகநூலுக்கு வருகிறது. படத்தில் பிள்ளை மட்டும் இருக்கும். பிள்ளையின் நினைவிலும் அப்படித்தான் இருக்கும்.

“ரீச்சர், காசு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு வான் காசு, ரிக்கற், சாப்பாடு என்று கூட்டினால் கூலிக்குப் போகிறவரின் பல நாள் சம்பளம் போய்விடும். கடன்பட்டுப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இயக்கச்சி றீச்சாவுக்குப் போக முடிந்தவர்கள் போகட்டும். முடியாதவர்களுக்குக் கீரிமலை இருக்கிறது, காரைநகர் கசூரினா இருக்கிறது, யாழ்ப்பாண நகரில் சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது. பஸ் காசும் ஒரு சோற்றுப் பார்சலும் போதும். எந்த இடம் என்பது பிள்ளைக்குப் பெரிய விஷயமில்லை. யார் கூட இறங்கினார்கள் என்பதுதான் விஷயம்.

“சோதினை வருகுது” என்பது அடுத்த பதில். ரியூசன் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையால் புள்ளி குறையாது. சொந்தமாக எழுத ஒரு நாள் கிடைத்த பிள்ளைக்குக் கட்டுரை பாடமாக்கத் தேவையுமில்லை.

ஆனால் எல்லாவற்றையும் பெற்றோர் தலையில் போடவும் கூடாது. விளையாட்டும் ஓய்வும் பிள்ளையின் உரிமை என்று ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரை சொல்கிறது. 1989 இல் வந்த அந்தச் சமவாயத்தை இலங்கை 1991 யூலையில் ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த நேரம் நாங்கள் கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். வலிகாமம் வடக்குப் பிள்ளைகளும் 1990 இலேயே வீடுகளை விட்டுப் போய், உறவினர் வீடுகளிலும் முகாம்களிலும் இருந்தார்கள். நீங்களும் நாங்களும் ஒரே வருடத்தில் விளையாட்டு முற்றத்தை இழந்தவர்கள். எங்கள் பிள்ளைகளுக்காவது அது கிடைக்க வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

பிரதேச சபைக்கு: ஊருக்குள், பிள்ளைகள் நடந்து போகக்கூடிய தூரத்தில், கட்டணம் இல்லாத சிறுவர் பூங்கா ஒன்று வேண்டும். ஊஞ்சல் அறுந்தால் அந்தக் கிழமையே திருத்த ஆள் வேண்டும். பெரியவர்களும் ஏறக்கூடிய பலமான ஊஞ்சலாக இருந்தால் இன்னும் நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு: கட்டடமும் கணினியும் தருகிறீர்கள், நன்றி. அடுத்த முறை ஒரு வகுப்புச் சுற்றுலாவின் பஸ் செலவைப் பொறுப்பெடுங்கள். காசு கட்ட முடியாமல் சுற்றுலா நாளில் வீட்டில் நிற்கும் பிள்ளை, அடுத்த நாள் சுகமில்லை என்றுதான் காரணம் சொல்லும். அந்தப் பொய்யை எங்கள் பிள்ளைகள் சொல்லத் தேவையில்லாமல் செய்யுங்கள்.

பெற்றோருக்கு: இந்த விடுமுறையில் ஒரு நாள். ஒரேயொரு நாள். பிள்ளை கையைப் பிடித்து “வாங்கோ” என்று இழுத்தால், பையை யாரிடமாவது கொடுத்துவிட்டு நீங்களும் ஏறுங்கள்.

உங்கள் அப்பா அம்மாவோடு நீங்கள் முதன்முதலில் போன இடம் எது? கீழே எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட எனக்கு உதவும்.