வெக்கையில் இல்லாத செருப்பு

2019 அக்டோபரில் 'அசுரன்' வந்தபோது என் அய்யாவைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். அவர் பூமணியின் 'வெக்கை'யைப் படித்ததில்லை. நான் நான்கைந்து முறை படித்தவன். அதனால் அவர் படம் பார்த்தார்; நான் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது நாவலில் உண்டு, இது இல்லை, இதைக் கெடுத்துவிட்டார்கள் என்று.

1982இல் வந்த அந்த நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், கதை தொடங்கும்போதே வெட்டு விழுந்துவிடுகிறது. பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான். பிறகு இருப்பதெல்லாம் அய்யாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் நாட்கள். எதைப் பொங்குவது, எங்கே தண்ணீர், எந்தப் பாறை மறைவில் படுப்பது என்பதுதான் பேச்சு. கொலை செய்துவிட்டு வந்தவனை அந்த வீட்டில் யாரும் திட்டித் தீர்ப்பதில்லை. தைரியம் அங்கே யாரோ ஒருவருடைய சொத்தாக இல்லை. ஆத்தா, மாமா, சித்தி என்று எல்லோரும் அதைக் கஞ்சி மாதிரிப் பங்கிட்டுக் குடிக்கிறார்கள்.

வெற்றிமாறன் இதை மாற்றிவிட்டார். தனுஷின் சிவசாமி குடிகாரர், கூனிக் குறுகி நிற்பவர். மகனே அவரைக் கோழை என்று நினைக்கிறான். மூத்த மகனைக் காப்பாற்ற ஊரில் ஒவ்வொருவர் காலிலும் விழுகிறார். பிறகு ஒரு கட்டத்தில் நிமிர்கிறார், தியேட்டர் விசிலில் அதிர்கிறது. அந்த விசிலில் என்னுடையதும் ஒன்று, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில்தான் பூமணியின் உணர்வு கைநழுவிப் போனது. குடும்பம் முழுக்கப் பரவியிருந்த தைரியம் ஒரு கதாநாயகனின் உடம்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. நாவலின் சிதம்பரம் தன் கணக்கைத் தானே தீர்த்தவன். படத்தின் சிதம்பரமோ அப்பாவால் காப்பாற்றப்பட வேண்டிய பிள்ளை.

இப்படிப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் செருப்புக் காட்சி வந்தது. சிவசாமி ஆசையாய் வாங்கிக் கொடுத்த செருப்பைப் போட்டு நடந்ததற்காக மாரியம்மாள் அதைத் தலையில் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. நாவலில் இது கிடையாது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அய்யா கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது அவராகவே பேசினார். பத்தாவது படிக்கையில் முதல் செருப்பு வாங்கினாராம். "ஊர்த்தெரு வந்ததும் கழட்டிப் பைக்குள்ள வச்சுக்குவோம். புத்தகத்தோட சேந்துதான் கெடக்கும்" என்றார். நாற்பது வயதுவரை அவரோடு ஒரே வீட்டில் இருந்த எனக்கு இது தெரியாது. 'வெக்கை'யை நான்கைந்து முறை படித்தும் இந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததில்லை.

பூமணி நாவலில் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார். அதன் அழகு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கல்லூரி நண்பன் ஒருவன் (அவன் சாதி இந்து என்பதைச் சொல்லத்தான் வேண்டும்) புத்தகத்தை வாங்கிப்போய், "நல்ல கிராமத்துப் பழிவாங்கும் கதைடா" என்று திருப்பிக் கொடுத்தான். அவனுக்கு அது வெறும் நிலத்தகராறு. படம் அந்த வசதியை அவனுக்குக் கொடுக்கவில்லை. 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டது. 1968 கீழ்வெண்மணியை நினைக்காமல் பார்க்க முடியாத தீயை வைத்தது. படம் வந்த சில நாட்களில் பஞ்சமி நிலம் குறித்துக் கட்சித் தலைவர்களே ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டார்கள். மென்மையைத் தொலைத்துவிட்டுப் பெற்றது இது. வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

முடிவில்தான் எனக்கு இன்னும் சமாதானமில்லை. நிலத்தையும் காசையும் பறிப்பார்கள், படிப்பை மட்டும் பறிக்க முடியாது என்று மகனிடம் சொல்கிறார் சிவசாமி. ரோகித் வெமுலா படித்தவர்தான். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். உதவித்தொகை நின்று, விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டு, 2016 ஜனவரியில் உயிரை விட்டார். அதற்கு மூன்று ஆண்டு கழித்து வந்த படம் இவ்வளவு உறுதியாக அந்த வாக்கைக் கொடுத்திருக்க வேண்டாம். நாவல் யாருக்கும் எதுவும் வாக்களிப்பதில்லை. இருவரையும் கோர்ட்டை நோக்கி நடக்கவிட்டு நின்றுகொள்கிறது. அந்த வெக்கை படிப்பவர்மேல் அப்படியே கிடக்கிறது.

இதை அய்யாவிடம் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. ரெண்டு ஏக்கர் கரிசலை விற்று என்னைப் படிக்கவைத்தவர் அவர். தியேட்டரில் அந்த வசனத்துக்குக் கைதட்டியவரும் அவர்தான்.

அடுத்த வாரம் நாவலைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒன்பது நாள் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றுதான் கேட்டார்: "வெட்டிட்டு வந்த பயலுக்கு என்ன பசியோன்னுதான பாக்குறான் அந்த மனுசன். இத ஏன்டா படத்துல வைக்கல?"