பென்சில் யார் கையில்?



போன இணையக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "நாளைக்கு மியன்மாரில் ஜனநாயகம் வந்தால் தமிழருக்குத் தனித் தொகுதி கேட்க வேண்டாமா?" ஆசை புரியுது. ஆனால் தொகுதி என்பது தாளில் போட்ட கோடு. அதைப் போடும் பென்சில் யார் கையில் என்பதுதான் முதல் கேள்வி.

தனி இடம் நமக்குப் புதுசு இல்லை. 1935 பர்மா அரசுச் சட்டம் கீழவையின் 132 இடங்களில் இந்தியருக்கு 8 கொடுத்தது. அது போக, நாட்டுக்கோட்டைச் செட்டியார் சங்கத்துக்கு மட்டும் 1. துறைமுகத்திலும் ஆலையிலும் முதுகொடிந்த இந்தியத் தொழிலாளர் அத்தனை பேருக்கும் தொழிலாளர் என்ற கணக்கில் 2. லேவாதேவிக்காரரும் கூலியும் ஒரே இனம்தான், ஒரே எடை இல்லை!

பென்சில் வெள்ளைக்காரனிடமிருந்து ராணுவத்துக்குப் போனது. 2008 அரசமைப்பில் டவுன்ஷிப்தான் தொகுதி. 2014 கணக்கெடுப்பில், நான் இருக்கும் கியாக்டடாவில் 30 ஆயிரம் பேர்கூட இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லைங்தாயாவில் 6 லட்சத்து 87 ஆயிரம். 2015 தேர்தலில் இரண்டுக்கும் கீழவையில் ஒவ்வொரு இடம். அங்கே 23 பேர், இங்கே நான் ஒருத்தன். வெட்கமாகத்தான் இருக்கு.

லைங்தாயா தானாக வீங்கவில்லை. நகரத்துக்குள் குடிசை போட்டிருந்த ஏழைகளை 1988க்குப் பிறகு ராணுவம் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிய இடங்களில் அதுவும் ஒன்று. அப்புறம் நர்கிஸ் புயலில் வீடிழந்தவர்கள், கார்மென்ட் தொழிலாளிகள். முதலில் ஆளை விரட்டினார்கள், பிறகு கோட்டைக் காட்டி ஓட்டைச் சுருக்கினார்கள். 2021 மார்ச் 14 அன்று அவர்கள் தெருவில் இறங்கியபோது சுட்டார்கள். அந்த ராணுவத்துக்கோ கோடும் வேண்டாம், ஓட்டும் வேண்டாம்: கீழவையில் 110 இடம் சும்மா.

தலைக்கணக்கு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. மேலவையில் சின் மாநிலத்துக்கும் யாங்கூனுக்கும் சமமாக 12 இடம். சின் மக்களுக்கு அந்தப் பாதுகாப்பு வேணும். கியாக்டடாவின் கூடுதல் எடை யாரைக் காத்தது? இங்குள்ள இந்திய வம்சாவளியினர் பலரை 1982 குடியுரிமைச் சட்டம் இன்னும் முழுக் குடிமக்களாகவே ஏற்கவில்லை.

அதனால் நம் கோரிக்கைப் பட்டியலில் வரிசையை மாற்றுவோம். ராணுவ இடங்கள் ஒழியணும். குடியுரிமைச் சட்டம் மாறணும். எல்லைகளை அங்கே வாழும் மக்கள் முன்னால், வெளிப்படையாக வரையணும். அந்தக் கூட்டத்தில் லைங்தாயாத் தொழிலாளி முன்வரிசையில் உட்காரணும்.

தமிழ் சீட்டைப் பிறகு பேசலாம், தம்பி. முதலில் பென்சிலைப் பிடுங்குவோம்.